மிளகாய் காயப்போடுவதற்கும் ஆராய்ச்சிக் காசு வேண்டும்

சின்னத் தொழில்களின் ஆராய்ச்சிக்கு அரசு காசு கொடுக்க வேண்டும் என்று நான் பேச்செடுத்தாலே எங்கள் வீட்டில் ஒரு சிரிப்பு கிளம்பும். "மிளகாய் காயப்போடறதுக்கு ஆராய்ச்சியாம்மா?" என்பார் கணவரின் பெரியப்பா. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்து வளர்ந்தவர், பேசுவதெல்லாம் ஆங்கிலம், இந்த மாதிரி ஒரு குத்தல் என்றால் மட்டும் சுத்தமான தமிழ் வந்துவிடும். அவருக்குச் சொன்ன பதிலையே கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அவர் கேட்பதைத்தான் தலைநகர் பிரிட்டோரியாவில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் வேறு வார்த்தைகளில் கேட்கிறார்கள்.

எங்களுடையது டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு சின்ன மசாலா மில். கறி மசாலா, மிளகாய்த்தூள், மல்லித்தூள், சீசன் வந்தால் மாங்காய் அச்சார். நான் தமிழ்நாட்டில் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டுக் கல்யாணமாகி இங்கே வந்தவள், மில் கணவரின் தாத்தா காலத்துச் சொத்து. வற்றல் மிளகாய் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலில் வருகிறது, இந்த நாட்டு நாணயமான ராண்ட் விழும்போதெல்லாம் எங்கள் லாபமும் கூடவே விழும். இந்தப் பக்கம் பார்த்தால் வெருலம், டோங்காட் பகுதிகளில் நம் ஆட்கள் இன்னும் மிளகாய் போடுகிறார்கள். பச்சையாக இருக்கும்வரை நல்ல விலை, பழுத்துச் சிவந்துவிட்டால் மார்க்கெட்டில் யாரும் சீந்துவதில்லை. அந்தப் பழத்தை இங்கேயே வாங்கி இங்கேயே உலர்த்தினால் என்ன என்பதுதான் யோசனை. பெரியப்பா சொல்வதுபோல இதில் என்ன ஆராய்ச்சி இருக்கிறது, கூரை மேலே கொட்டினால் காய்ந்துவிடும் அல்லவா?

திருநெல்வேலி வெயிலில் காயும். டர்பன் கடற்கரைக் காற்றில் காயாது, காய்வதற்கு முன் பூஞ்சை பிடிக்கும். பழுத்த மிளகாயில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், அதைப் பத்து சதவிகிதத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும், அதையும் வேகமாகச் செய்ய வேண்டும். மெதுவாகக் காய்ந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் என்கிற பூஞ்சை வந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை விட்டுவிட்டுப் போகும், அது கல்லீரல் புற்றுநோயில் கொண்டுபோய் விடக்கூடியது, பூஞ்சையைத் துடைத்தாலும் வறுத்தாலும் நஞ்சு அங்கேயே இருக்கும். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி உணவுப் பொருளில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சூட்டை ஏற்றி வேகமாக உலர்த்தலாம் என்றால் அறுபது டிகிரியைத் தாண்டிக் கொஞ்சம் போனதும் நிறம் கறுக்கத் தொடங்கும், கறுத்த மிளகாய்த்தூளை எந்த மாமியும் வாங்க மாட்டார். சரி, மின்சார உலர்த்தி வைத்தோம். அதற்குள் லோட்ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு. 2023-இல் கிட்டத்தட்ட வருஷம் முழுக்க அதுதான் பிழைப்பு. உலர்த்தி பாதியில் நிற்கும், உள்ளே இருந்த ஈரக்காற்று குளிர்ந்து தட்டுகளின் மேல் வியர்வையாகப் படியும், கரண்ட் திரும்ப வரும்போது முன்பு இருந்ததைவிட ஈரமான மிளகாய் இருக்கும்.

அப்புறம் கணவரும் பக்கத்துத் தெருவில் லேத் வைத்திருக்கும் ஒரு அண்ணனுமாகச் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். வீடு இடிப்பவர்களிடம் கிடைத்த பழைய கீசர் தொட்டி ஒன்றை உலர்த்தியின் அடியில் பொருத்தி, பகலில் சூரிய ஒளியிலும் கரண்ட் இருக்கும்போது கரண்டிலும் அந்தத் தண்ணீரைச் சூடாக்கி, கரண்ட் போனதும் ஒரு சின்ன பேட்டரியில் விசிறி மட்டும் ஓடும்படி வைத்தார்கள். தொட்டியில் இருக்கும் சூடு அந்த இடைவெளியைத் தாங்குகிறது. வேலை செய்கிறது. ஆனால் "வேலை செய்கிறது" என்று நான் சொல்வதற்கும் அது நிஜமாகவே நஞ்சில்லாத மிளகாயை எல்லாப் பருவத்திலும் கொடுக்கிறது என்று நிரூபிப்பதற்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் ஆராய்ச்சி. மழைக்கால மிளகாய், குளிர்கால மிளகாய், தடித்த தோல், மெல்லிய தோல், தட்டில் எவ்வளவு கனத்துக்குப் பரப்புவது, காற்று எந்த வேகத்தில் போவது, ஒவ்வொன்றுக்கும் ஆய்வகச் சோதனை, ஒவ்வொரு சோதனைக்கும் ஆயிரக்கணக்கில் ராண்ட். அந்தக் காசு எங்களிடம் இல்லை. பெரிய மசாலாக் கம்பெனிக்கு ஒரு விளம்பரப் படத்தில் செலவாகிற தொகைதான்.

வங்கிக்குப் போகலாமே என்பார்கள். வங்கி மெஷின் வாங்கக் கடன் கொடுக்கும், டெலிவரி வேனுக்குக் கொடுக்கும், ஏனென்றால் தவணை கட்டாவிட்டால் வேனைத் தூக்கிக்கொண்டு போகலாம். "இது பலிக்குமா பலிக்காதா என்று தெரிந்துகொள்ளப் பணம் வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். பலிக்காத சோதனையை ஜப்தி செய்ய முடியாது. வங்கியைக் குறை சொல்லவும் இதில் ஒன்றும் இல்லை, பலிக்குமா என்று தெரியாத ஒன்றுக்கு மக்களின் டெபாசிட்டை எடுத்துக் கொடுக்க அவர்களுக்கு என்ன பைத்தியமா. இன்னொரு விஷயமும் உண்டு: நாங்கள் ஒரு அட்டவணையைக் கண்டுபிடித்துவிட்டால், இத்தனை சூடு, இத்தனை நேரம், இத்தனை கனம் என்று, அடுத்த மாதமே அது டோங்காட்டிலிருந்து ஸ்டேங்கர் வரை எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரிய வேண்டியதுதான். ஆனால் செலவு மட்டும் எங்கள் தலையில், பலன் ஊருக்கு என்றால் யார் முதலில் கை வைப்பார்கள்? பொதுக் காசு வர வேண்டும் என்று நான் சொல்வது இந்த இடத்துக்கு மட்டும்தான். மில் நடத்த அரசு காசு வேண்டாம், அதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இங்கே பெரியப்பாவின் மகன் (கணக்காளர்) குறுக்கே வருவார். "அண்ணி, ஆராய்ச்சிக்குத்தான் வரிச்சலுகை இருக்கே." இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தில் 11டி என்ற பிரிவு. ஆராய்ச்சியில் 100 ராண்ட் செலவழித்தால் 150 ராண்டாகக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், 2033 கடைசி வரை நீட்டித்தும் இருக்கிறார்கள். கம்பெனி வரி 27 சதவிகிதம், ஆக 40 ராண்ட் 50 சென்ட் வரி குறைகிறது. ஆனால் சாதாரணச் செலவாகக் காட்டினாலே 27 ராண்ட் குறைந்திருக்கும், எனவே சலுகையால் கூடுதலாகக் கிடைப்பது பதின்மூன்றரை ராண்ட். அதுவும் வரி கட்டும் அளவுக்கு லாபம் இருந்தால். சிறு நிறுவனங்களுக்கென்று குறைந்த வரி விகிதம் ஒன்று இருக்கிறதே, அதில் ஏழு சதவிகிதப் படியில் இருப்பவருக்கு இதே கணக்கைப் போட்டால் கூடுதல் பலன் மூன்றரை ராண்ட். அதாவது நீங்கள் எவ்வளவு சின்னவரோ அவ்வளவு குறைவாகக் கிடைக்கும். நஷ்டத்தில் ஓடும் புதுக் கம்பெனிக்கு அந்த வருஷம் ஒன்றுமே கிடையாது. இதற்கும் அறிவியல் துறையிடம் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், 2012 அக்டோபரிலிருந்து அதுதான் விதி. அந்த விண்ணப்பத்தை எழுதிக்கொடுக்கவே ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அவர்களின் கட்டணம் மூன்றரை ராண்டில் அடங்காது. இதை ஒரு கெட்ட திட்டம் என்று நான் சொல்லவில்லை, சசோல் மாதிரி பெரிய எரிபொருள், ரசாயன நிறுவனங்களுக்கு இது நல்ல திட்டம். எங்களுக்கு இருக்கிறது என்று சொல்வதுதான் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

சரி, மானியங்கள்? அவையும் இருக்கின்றன. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி டெக்னாலஜி இன்னோவேஷன் ஏஜென்சி, சுருக்கமாக டிஐஏ, உருவானது. அதற்கு முன் தனித்தனியாக இருந்த ஏழு அமைப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கினார்கள். அதில் டர்பனிலிருந்த லைஃப்லேப், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்த பிளான்ட்பயோ என்ற இரண்டும் நம் மாகாணத்தில் இருந்தவை. சேர்த்ததால் நிர்வாகச் செலவு குறைந்ததா என்பது இருக்கட்டும், பக்கத்தில் போய்க் கதவைத் தட்டிக் கேட்கும் வசதி குறைந்தது. டிஐஏ-வின் ஏற்பாடுகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு, பல்கலைக்கழகங்களில் வைத்திருக்கும் தொழில்நுட்ப நிலையங்கள். சிறு தொழில்காரர் தன் பிரச்சினையை எடுத்துக்கொண்டு போனால் அங்கே கருவிகளும் ஆட்களும் இருப்பார்கள். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரு நிலையம் இருக்கிறது, ஆனால் அது பிளாஸ்டிக்குக்கு. உணவுக்கான நிலையம் ஒன்று கேப் டவுனில் இருக்கிறது. சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு மூட்டை ஈர மிளகாயை ஏற்றி 1,600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனால் போய்ச்சேரும்போது நான் ஆராய்ச்சி செய்ய விரும்பிய பூஞ்சை தானாகவே தயாராகியிருக்கும்.

வர்த்தகத் துறையின் பக்கம் தொழில்களின் புதுமை முயற்சிகளுக்கு உதவும் எஸ்பிஐஐ என்ற திட்டத்தை 1993-லிருந்து கேள்விப்படுகிறோம். மொத்தச் செலவில் ஒரு பங்கை அவர்கள், மீதியை நாம். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் இந்த நாட்டில் இத்தகைய மானியங்களில் பெரும்பாலும் நடப்பது, நீ முதலில் செலவு செய், ரசீது கொண்டுவா, பிறகு பார்க்கலாம் என்பது. கையில் முதலில் செலவழிக்கக் காசு இருந்தால் நான் ஏன் வரப்போகிறேன்? அப்புறம் 2024 அக்டோபரில் சிறு தொழிலுக்கு வழிகாட்டும் சேடா, கடன் கொடுக்கும் சேஃபா இரண்டையும் கூட்டுறவு வங்கி முகமையோடு சேர்த்து செட்ஃபா என்று ஆக்கியிருக்கிறார்கள். கடன், பயிற்சி, வழிகாட்டல் எல்லாம் அங்கே. பலிக்குமா என்று பார்ப்பதற்கான காசு அவர்களின் முக்கிய வேலை இல்லை.

நாங்கள் கேட்டுப் பார்த்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஓர் அலுவலகத்தில் "இது ஆராய்ச்சி இல்லை, நீங்கள் ஏற்கெனவே செய்யும் தொழிலைத்தானே மேம்படுத்துகிறீர்கள், தொழில் பக்கம் போங்கள்" என்றார்கள். தொழில் பக்கம் போனோம். "இதில் முடிவு நிச்சயமில்லை, இது ஆராய்ச்சி, ஆராய்ச்சி பக்கம் போங்கள்" என்று இரண்டாவது அலுவலகம் சொன்னது. இரண்டு பேருமே மரியாதையாகத்தான் பேசினார்கள், அவரவர் விதிப்புத்தகப்படி இரண்டு பேர் சொன்னதும் சரி. பிரச்சினை ஆட்களிடம் இல்லை. அறிவியலுக்கு ஓர் அமைச்சகம், சிறு தொழிலுக்கு 2014-லிருந்து ஓர் அமைச்சகம், வர்த்தகத்துக்கு இன்னொன்று. சிறு தொழிலின் ஆராய்ச்சி என்பது மூன்று வீட்டுக்கும் நடுவே நிற்கும் பிள்ளை, எல்லோரும் தலையைத் தடவுவார்கள், சோறு யார் போடுவது?

எனவே நான் கேட்பது இன்னொரு புதிய நிதியோ புதிய முகமையோ அல்ல. புதிய முகமை என்றால் புதிய சுருக்கப்பெயர், புதிய கட்டிடம், புதிய தலைமை அதிகாரி, போதும் சாமி. ஏற்கெனவே அரசு ஆராய்ச்சிக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கு சிறு தொழில்களுக்குப் போயாக வேண்டும் என்று சட்டத்தில் எழுதுங்கள். துறையின் விருப்பத்துக்கு விடாதீர்கள். அவ்வளவுதான் கோரிக்கை.

இதை நான் கனவில் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் 1982-லிருந்து நடக்கிறது. அங்கே தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ரோலண்ட் டிபட்ஸ் என்ற அதிகாரி 1977-இல் சின்ன அளவில் தொடங்கிப் பார்த்தார், ஐந்து வருஷம் கழித்து அதையே எல்லாத் துறைக்கும் சட்டமாக்கி ரீகன் கையெழுத்துப் போட்டார். எஸ்பிஐஆர் என்று பெயர். வெளியாட்களின் ஆராய்ச்சிக்கு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவழிக்கும் எந்த மத்திய அரசுத் துறையாக இருந்தாலும், அதில் ஒரு குறிப்பிட்ட சதவிகிதத்தைச் சிறு கம்பெனிகளுக்கு ஒதுக்கியாக வேண்டும். தொடக்கத்தில் வெறும் 0.2 சதவிகிதம். அதற்கே பல்கலைக்கழகங்கள் தங்கள் பங்கு போய்விடும் என்று எதிர்த்தன. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 2017-இல் 3.2 சதவிகிதத்துக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அதனால் ஒன்றும் மூழ்கிவிடவில்லை என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அந்தச் சதவிகிதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் படிகள். முதல் படியில் சின்னத் தொகை, ஏறக்குறைய ஆறு மாதம் முதல் ஒரு வருஷம், யோசனை நிற்குமா நிற்காதா என்று பார்ப்பதற்கு மட்டும். நின்றால் இரண்டாம் படி, பெரிய தொகை, சுமார் இரண்டு வருஷம். மூன்றாம் படியில் ஆராய்ச்சி மானியம் கிடையாது, ஆனால் அரசே அந்தப் பொருளை வாங்க நினைத்தால் அந்தக் கம்பெனியிடமிருந்து நேரடியாக வாங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கண்டுபிடிப்பின் உரிமை கம்பெனியிடமே இருக்கும். அரசு பங்கும் கேட்பதில்லை, வட்டியும் கேட்பதில்லை. குவால்காம், ஐரோபோட், சைமன்டெக் எல்லாம் சின்னதாக இருந்தபோது இந்தக் காசைத் தொட்டவை. பெரிய பெயர்களைச் சொல்லிக் காட்டுவது எளிது, ஆயிரத்தில் ஒன்று அப்படி வளரும், மீதி எல்லாம் எங்களைப் போலச் சின்னதாகவே இருக்கும், அதனால் அந்தப் பட்டியலை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் எடுத்துக்கொள்வது வேறொன்று. சப்ரினா ஹாவெல் என்ற பொருளியல் ஆய்வாளர் அமெரிக்க எரிசக்தித் துறை கொடுத்த மானியங்களை மட்டும் எடுத்து, மயிரிழையில் தேறிய கம்பெனிகளையும் மயிரிழையில் தவறிய கம்பெனிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 2017-இல் வெளியானது. முதல் படி மானியம் கிடைத்த கம்பெனிக்குப் பிறகு தனியார் முதலீடு கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, 10 சதவிகிதத்திலிருந்து 19-க்கு. பெரிய தொகையான இரண்டாம் படிக்கு அப்படி ஒரு பலனும் தெரியவில்லை. முதல் படிக் காசில் அவர்கள் செய்துபார்த்த மாதிரியும் சோதனையும்தான் வித்தியாசத்தை உண்டாக்கின என்பது அவர் முடிவு. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் கீசர் தொட்டிதான் கண்ணில் நின்றது. எங்களுக்கும் கோடிகள் வேண்டாம். இரண்டு பருவத்துக்கான ஆய்வகக் கட்டணம், நாலு ஈரப்பத சென்சார், லேத் அண்ணனுக்குக் கூலி.

அங்கேயும் ஓட்டைகள் உண்டு. மானிய விண்ணப்பம் எழுதியே பிழைக்கும் கம்பெனிகள் முளைத்தன, வருஷத்துக்கு வருஷம் மானியம் வாங்கும், சந்தைக்கு ஒரு பொருளும் வராது. அதைவிடப் பெரிய ஓட்டை, சட்டத்துக்கே ஒரு கெடு வைத்திருந்தார்கள். 2025 செப்டம்பர் 30-இல் அந்தக் கெடு முடிந்தது, அவர்கள் நாடாளுமன்றமான காங்கிரஸ் உரிய நேரத்தில் புதுப்பிக்கவில்லை, புதிய மானியங்கள் நின்றன. சம்பளம் கொடுக்க வேண்டிய நாலு பேர் கொண்ட கம்பெனிக்கு ஒரு மாதத் தாமதமே போதும் கதவைச் சாத்த. நாம் எழுதினால் கெடு இல்லாமல் எழுத வேண்டும், ஒரே கம்பெனிக்குத் திரும்பத் திரும்பப் போகாமல் உச்சவரம்பு வைத்து எழுத வேண்டும். இந்தியாவில் பிராக் என்ற அமைப்பு 2012-லிருந்து உயிர்த்தொழில்நுட்பத்துக்கு மட்டும் இந்த முதல் படியைச் செய்கிறது, 50 லட்சம் ரூபாய் வரை, 18 மாதம். ஜப்பானும் பிரிட்டனும் தங்களுக்கு ஏற்றபடி நகல் எடுத்துக்கொண்டன.

வெளிநாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று சொல்பவர்களுக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் கதை ஒன்றைச் சொல்வேன், இது பெரியப்பாவிடமும் எடுபட்டது. இங்கே டர்பனுக்கு வடக்கே, இன்று கோல்ஃப் மைதானமும் பங்களாக்களுமாக இருக்கும் அந்த இடத்தில் 1925-லிருந்து கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எங்கள் மாகாணமான நேட்டாலின் குளிரில் கரும்பு பூத்தாலும் மகரந்தம் சரியாகப் பிடிக்காது, புதிய ரகம் உண்டாக்குவது கஷ்டம். எனவே கோயம்புத்தூரிலிருந்து விதை வரவழைத்தார்கள். 1912-இல் தொடங்கிய கோவை கரும்பு நிலையத்தில், கோ 421-ஐயும் கோ 312-ஐயும் கலந்து எடுத்த விதை. அதை இங்கே முளைக்கவைத்து, பொறுக்கி, சோதித்து, 1945-இல் வெளியிட்ட ரகத்தின் பெயர் என்கோ 310. நேட்டாலின் என், கோவையின் கோ. இந்த மாகாணத்துக் கரும்புத் தொழிலைத் தூக்கி நிறுத்தியதோடு, தைவான், அர்ஜென்டினா, லூசியானா என்று உலகம் சுற்றியது.

1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் மெட்ராஸிலிருந்து வந்திறங்கியவர்களைக் கொண்டு வெட்டவைத்த கரும்பு, பிறகு கோவை விதையால் பிழைத்தது என்று நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும், அந்த வரலாற்றின் கசப்பு வேறு கதை. இங்கே நான் சொல்ல வருவது, அந்த ஆராய்ச்சிக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பது. அரசு மானியம் இல்லை. கரும்புத் தொழிலிலிருந்து சர்க்கரைச் சங்கம் திரட்டும் பங்கு, சர்க்கரைச் சட்டத்தின் துணையோடு. கட்டாயம். இஷ்டப்பட்டால் கொடு என்றிருந்தால் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். பிற்பாடு ஐந்து ஏக்கர் கரும்பு போட்ட நம் விவசாயிக்கும் ஐயாயிரம் ஏக்கர்காரருக்கும் அதே ரகம் கிடைத்தது. ஐந்து ஏக்கர்காரரிடம் யாரும் மூன்றாண்டு வணிகத் திட்டம் கேட்கவில்லை. கரும்புக்கு இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. மிளகாய்க்கு, மரவேலைக்கு, வார்ப்பட ஆலைக்கு, சின்ன சாஃப்ட்வேர் கடைக்கு எந்தச் சங்கம் எந்தப் பங்கைத் திரட்டப் போகிறது? ஆளுக்கு ஒரு தொழில், ஆளுக்கு ஒரு பிரச்சினை. அங்கேதான் அரசின் பொதுப்பணத்திலிருந்து ஒரு பங்கு என்பது தேவையாகிறது.

எதிர்க்கேள்விகளில் இரண்டை நான் மதிக்கிறேன். ஒன்று, திருட்டு. இந்த நாட்டில் பொதுக்காசு எங்கே ஒதுங்கும் என்று எல்லோருக்கும் தெரியும், கோவிட் காலத்து முகக்கவசக் கொள்முதலை யாரும் மறக்கவில்லை. "இன்னொரு பானை வைக்கிறீர்கள், இன்னொரு கரண்டி வரும்" என்று லேத் அண்ணனே சொன்னார். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, ஆனால் தொகை சின்னதாக இருப்பதும் படிப்படியாகக் கொடுப்பதும் கொஞ்சம் காப்பு. அதோடு ஒவ்வொரு மானியத்தையும், யாருக்கு, எவ்வளவு, எதற்கு என்று எவரும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் போட வேண்டும், அமெரிக்காவில் எஸ்பிஐஆர் மானியங்கள் அத்தனையும் அப்படித் திறந்து கிடக்கின்றன. பெயர் வெளியே இருந்தால் அக்கம்பக்கத்துக்காரர்களே தணிக்கையாளர்கள். சாட்ஸ்வர்த்தில் யார் மிளகாய் அரைக்கிறார், யார் அரைப்பதாகச் சொல்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாதா.

இரண்டாவது, சின்னக் கம்பெனிகள் பாதிக்குமேல் தோற்கும், காசு வீண். தோற்கும், ஆமாம். ஆனால் பெரிய திட்டத்தில் தோற்றதை ஒருதடவை பார்த்துவிட்டுப் பேசுவோம். பெபிள் பெட் அணு உலை என்று ஒன்று, 1999-லிருந்து 2010 வரை, சுமார் 900 கோடி ராண்டை விழுங்கிவிட்டு ஒரு உலைகூடக் கட்டாமல் நின்றது. ஜூல் என்ற மின்சாரக் கார், அரசுக் காசில் கேப் டவுனில் அழகாக மாதிரி செய்தார்கள், தொழிற்சாலைக்குப் பணம் வராமல் 2012-இல் மூடினார்கள். அந்தக் காரைச் செய்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், தைரியமான முயற்சி. ஒரே கூடையில் அத்தனையையும் போட்டு, நடுவில் நிறுத்திப் பார்க்கும் படியே இல்லாமல் போனதுதான் கோளாறு. 900 கோடியில் மூன்று லட்சம் ராண்ட் வீதம் கொடுத்தால் 30,000 முதல் படிகள். அதில் முக்கால்வாசி தோற்றாலும் எதெல்லாம் பலிக்காது என்று மலிவாகத் தெரிந்துகொண்டிருப்போம், மீதிக் கால்வாசி இருக்கிறது.

வேலையில்லாத் திண்டாட்டம் முப்பது சதவிகிதத்துக்கு மேல் இருக்கும்போது ஆராய்ச்சியா என்றும் கேட்பார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இந்த நாடு ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது 0.6 சதவிகிதத்தைச் சுற்றியே நிற்கிறது, 2019-ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கையில் இலக்கு 1.5 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். குறிப்பாகத் தனியார் பங்குதான் ஏற மாட்டேன் என்கிறது. நாலைந்து பெரிய கம்பெனிகளை நம்பியே அந்த எண்ணை ஏற்றிவிடலாம் என்று இத்தனை வருஷமாகப் பார்த்தாகிவிட்டது. எங்கள் உலர்த்தி நிரூபணமானால் வெருலத்தில் இரண்டு இடத்தில், டோங்காட்டில் ஓரிடத்தில் அதே மாதிரி வைக்கலாம், தட்டில் பரப்ப, பொறுக்க, மூட்டை கட்ட ஆள் வேண்டும். டோங்காட் ஹியூலட் என்ற பெரிய சர்க்கரைக் கம்பெனி 2022 அக்டோபரில் திவால் மீட்புக்குப் போனதிலிருந்து அந்தப் பக்கத்துச் சின்னக் கரும்புக்காரர்கள் வேறு பயிருக்கு மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வேலைவாய்ப்புத் திட்டம் என்று தனியாக எதையும் நீட்ட வேண்டியதில்லை, விளைந்த மிளகாயை வாங்க ஒருவர் இருந்தால் போதும்.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்யுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. 2008-ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துரிமைச் சட்டப்படி, பொதுக்காசில் நடந்த ஆராய்ச்சியின் கண்டுபிடிப்பு அடிப்படையில் அந்த ஆராய்ச்சியைச் செய்த நிறுவனத்துக்குச் சொந்தம். முழுச் செலவையும் நீங்களே கொடுத்தால்தான் அந்தச் சட்டத்தின் பிடிக்கு வெளியே. முழுச் செலவையும் கொடுக்கச் சின்னவரால் முடியாது, பாதி கொடுத்தால் தன் யோசனையைத் தானே உரிமம் கேட்டு வாங்கும் நிலை வரலாம். பல்கலைக்கழக ஆட்கள் நல்லவர்கள், நான் பார்த்தவர்கள் எல்லாம் உதவியிருக்கிறார்கள். ஆனால் சிறு தொழிலுக்கான பங்கை எழுதும்போது, கண்டுபிடிப்பு தொழிலிடமே இருக்கும் என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுத வேண்டும், இல்லாவிட்டால் காசு வந்து உரிமை போன கதையாகிவிடும்.

இனி செய்ய வேண்டியது. பிப்ரவரி பட்ஜெட்டுக்கு முன்னால் நிதி அமைச்சகம் ஒவ்வொரு வருஷமும் பொதுமக்களிடம் யோசனை கேட்கிறது, ஆன்லைனில் அனுப்பலாம். நாடாளுமன்றத்தில் அறிவியல் துறைக்கும் சிறு தொழில் துறைக்கும் தனித்தனிக் குழுக்கள் இருக்கின்றன, எழுத்து மூலமான கருத்துகளை ஏற்பார்கள். இரண்டுக்கும் அனுப்புங்கள், ஒன்றுக்கு மட்டும் அனுப்பினால் நான் மேலே சொன்ன பந்தாட்டம்தான் நடக்கும். "ஆதரவு தேவை" என்று பொதுவாக எழுதாதீர்கள், அந்த மாதிரிக் கடிதங்கள் அவர்களிடம் கட்டுக்கட்டாக இருக்கும். அரசின் ஆராய்ச்சிப் பணத்தில் 0.2 சதவிகிதத்தில் தொடங்கி வருஷாவருஷம் ஏறும் ஒரு பங்கு, முதல் படிக்கு நம் பக்கத்திலிருந்து காசு கேட்காமல், முன்பணமாக, மூன்று மாதத்துக்குள் ஆம் அல்லது இல்லை என்ற பதிலோடு. இந்த நாலு விஷயத்தை எழுதி, அதன் கீழே உங்கள் தொழிலில் நீங்கள் சோதித்துப் பார்க்க முடியாமல் நிற்கும் ஒன்றைச் சொல்லுங்கள். இங்கே டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் தையல் யூனிட் வைத்திருக்கும் ஒரு தோழி சாயக் கழிவு நீரைப் பற்றி எழுதியிருக்கிறாள், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லேனேசியாவில் ஒரு தம்பி பேக்கரி அடுப்பைப் பற்றி எழுதுகிறான். எங்கள் கடிதம் மிளகாயைப் பற்றி. நகல் வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன், மிளகாய் வரும் இடத்திலெல்லாம் உங்கள் சரக்கின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.